ஒன்றரை அடி

ஸ்கூட்டியை விற்ற காசில் பாதி
பல் டாக்டருக்குப் போயிற்று.
மீதியோடு மேலப்பாளையம் போனேன்.
மசூது பட்டறையில்
என் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
நடுவில் அறுத்தார்கள்.
பார்க்க மாட்டாமல்
எதிர்க்கடையில் போய் டீ குடித்தேன்.

"ஒன்றரை அடி நீட்டியிருக்கேன்மா.
மூணு பிள்ள உக்காரலாம்."
ரெண்டுதான் பாய் இருக்கு.
"அப்ப ஒண்ணு அரிசி."

கேரியரில் உட்கார்ந்து போன ஏழு வயதில்
கம்பிக்குள் போன என் குதிகாலைப் பற்றிச் சொன்னேன்.
பதில் இல்லை. உள்ளே போய்
பழைய டேபிள் ஃபேன் கூடு இரண்டைத் தூசி தட்டி எடுத்து வந்து
பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வைத்து முடுக்கினார்.
வீட்டுக்கு வந்ததும் ஆரோன் குனிந்து தேடினான்:
"இதுக்கு சுவிட்சு எங்கம்மா?"

திங்கட்கிழமை.
ஜோவினா முன்னால், ஆரோன் அவள் முதுகில் ஒட்டி,
இடப்பக்கம் இரண்டு புத்தகப் பை,
வலப்பக்கம் என் வெள்ளைக் கோட்டு, சோத்து டப்பா, குடை.
முருகன்குறிச்சி சிக்னலில்
மாசம் இரண்டாயிரத்து அறுநூறு வாங்கிய ஆட்டோக்காரர்
தலையை வெளியே நீட்டி,
"என்ன டீச்சர், ரயிலா?" என்றார்.
நான் டீச்சர் இல்லை.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
ரத்த அணு எண்ணுகிறவள்.
பச்சை விழுந்தது. நான்தான் முதலில் கிளம்பினேன்.
ஆட்டோ இரண்டு தடவை இருமியது.

ரேஷன் அரிசி இருபது கிலோ, அது ஒன்றுமில்லை.
சிலிண்டருக்கு மட்டும் பழைய டியூப் வேண்டும்,
நிமிர்த்தி வைத்து இறுக்கிக் கட்ட.
அன்றைக்குப் பிள்ளைகள் நடந்து வருவார்கள்,
சிலிண்டருக்குக் காவல் மாதிரி இரண்டு பக்கமும்.

ஆனி மாசக் காற்றைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்.
கொக்கிரகுளத்தில் திரும்பும்போது
ஒரு ஆள் நெஞ்சில் கை வைத்துத் தடுப்பது போல இருக்கும்.
ஹைகிரவுண்ட் ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவேன்.
பெட்ரோல் தீர்ந்து ஸ்கூட்டியையும்
இதே ஏற்றத்தில் தள்ளியவள்தானே.

கிளாட்சனுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை.
எந்தக் கப்பலில் எத்தனை டன் என்று
வாரமெல்லாம் எழுதுகிற மனுஷன்
போனில் கேட்டார்:
"தெருவுல என்ன நினைப்பாங்க?"
சனிக்கிழமை ராத்திரி ஜங்ஷனில்
ரயிலை விட்டு இறங்கியவரிடம்
ஏறு என்றேன்.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏறினார்.
பையை மடியில் வைத்தார்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு.
"அறுபத்தெட்டு கிலோ," என்றார்,
ரசீதில் எழுதச் சொல்வது போல.

ஆற்றுப் பாலத்தில் காற்று குறுக்கே அடித்தது.
"இறங்கவா?"
இரு.
பாதிப் பாலத்தில் மறுபடியும், "இறங்கவா?"
சரி, இறங்கு.
ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம்.
பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது.
அவர் தெருவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
அந்தக் கரை சேர்ந்ததும்
சீட்டுக்குக் கீழே ஜாண் போட்டு அளந்தார்:
"இங்க ஒரு கைப்பிடி வைக்கணும்.
பெரியவங்க பிடிச்சுக்க."

வீட்டில் ஒரு சிக்கல்.
நடையில் நிறுத்தினால் வால் மட்டும்
ரெஜினா அக்கா வாசலுக்குள் போய்விடும்.
சரியாக ஒன்றரை அடி. அவளே அளந்தாள்.
வாடகையும் அவளே சொன்னாள்:
வியாழக்கிழமை தோறும் இரண்டு தண்ணீர் கேன்.
கட்டுபடியாகிறது.

ஞாயிறு காலை. கோயிலுக்கு
அவர்தான் முதல் ஆளாய் வெள்ளைச் சட்டையில் தயார்.
பின்னால் ஆரோனை மடியில் வைத்து உட்காரப் போகிறாராம்.
வெளியே வந்து பார்த்தால்
வால் முழுக்கத் தலையணை உறை,
நாலு, கிளிப் போட்டு.
"தொட்டுராதீங்க," உள்ளேயிருந்து ரெஜினா அக்கா,
"இன்னும் ஈரம்."

நடந்தே போனோம்.
முதல் பாட்டு முடிந்திருந்தது.